உதகையின் கழிவுநீர்: குழாய்க்குள் வருவதும் வராமல் போவதும்

தொட்டபெட்டா, எல்க்ஹில், ஃபெர்ன்ஹில் ஆகிய மேடுகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள பள்ளத்தாக்குதான் உதகமண்டலம். இந்த மேடுகளில் விழும் மழையும், அவற்றின் சரிவுகளில் உள்ள வீடுகளும் விடுதிகளும் வெளியேற்றும் தண்ணீரும் தாமாகவே நகரின் அடிப்பகுதிக்கு வந்து சேர்ந்துவிடும். அந்த அடிப்பகுதியில்தான், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1823 முதல் 1825 வரையிலான ஆண்டுகளில், ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இன்றைய ஏரியை உருவாக்கினார். அன்று அது நல்ல தண்ணீரைத் தேக்குவதற்கான இடமாக இருந்தது. ஏரிக்கு மேலே ஊர் வளர வளர, ஊரின் கழிவும் அதே வழியில் அதே இடத்துக்கு இறங்கத் தொடங்கியது. உதகையின் கழிவுநீர்ப் பிரச்சினை முழுவதும் இந்த நில அமைப்பிலிருந்தே பிறக்கிறது. தண்ணீரைக் கீழே கொண்டுவர இங்கே யாரும் பாடுபட வேண்டியதில்லை. அது கீழே வரும்போது ஓடைக்குள் இறங்காமல் குழாய்க்குள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

கழிவுநீர் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு, அதை எவ்வளவாக உயர்த்தப் போகிறார்கள் என்பதே செய்தியாகிறது. காந்தல் முக்கோணம் பகுதியில் உள்ள நிலையம் நாளொன்றுக்கு 50 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. ஆனால் ஒரு நிலையத்தால் தன் வாசலுக்கு வந்து சேரும் நீரை மட்டுமே சுத்திகரிக்க முடியும். கோடப்பமந்துக் கால்வாய் வழியாக, பேருந்து நிலையத்தின் பக்கம் ஏரிக்குள் இறங்கும் நீரை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு, வாசலுக்கு வராத நீர் எவ்வளவு என்பது புரியும். கால்வாயின் வாயில் கம்பி வலை அடித்தால் பிளாஸ்டிக் நிற்கும். கரைந்த கழிவு நிற்காது. ஏரியில் அவ்வப்போது தூர் வாருவதும் ஆகாயத்தாமரையை அகற்றுவதும் தேவையான வேலைகள்தாம் என்றாலும், அவை விளைவைத்தான் அள்ளுகின்றன. காரணம் மேலே, சரிவுகளில், வீட்டு இணைப்புகளிலும் சிறு குழாய்களிலும் இருக்கிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய திட்டங்களை வடிவமைத்துக் கட்டும் பணியைப் பெரும்பாலும் 1971இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் செய்கிறது. கட்டி முடித்தபின் பராமரிப்பு நகராட்சியின் கைக்கு வருகிறது. வெளியேறும் நீரின் தரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதிக்கிறது. கட்டுமானத்துக்கு மத்திய, மாநில நிதியும் கடனும் கிடைக்கின்றன. பராமரிப்புக்கான பணமோ நகராட்சி வசூலிக்கும் வரியிலிருந்தும் கட்டணத்திலிருந்தும் வர வேண்டும். அதனால்தான் புதிய நிலையம் கட்டுவது எளிதாகவும், இருபது வருடப் பழைய இணைப்பு ஒன்றைத் தோண்டிச் சரிசெய்வது கடினமாகவும் ஆகிவிடுகிறது.

சமவெளி நகரங்களில் பாதாள சாக்கடையின் முதல் எதிரி சரிவின்மை. கழிவுநீர் தேங்காமல் ஓட வேண்டும் என்றால், உச்ச ஓட்டத்தின்போதாவது அதன் வேகம் நொடிக்கு 0.6 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் விதி. அந்த வேகம் இருந்தால்தான் மணலும் மலமும் அடியில் படியாமல் அடித்துச் செல்லப்படும். இந்தச் சரிவைப் பெறுவதற்காகவே சென்னை போன்ற நகரங்களில் குழாயை மேலும் மேலும் ஆழத்தில் பதித்து, இடையிடையே நீரேற்று நிலையங்கள் கட்ட வேண்டியிருக்கிறது. மலையில் அந்தக் கவலை குறைவு. ஆனால் அதே விதியின் மறுமுனை இங்கே குறுக்கே வந்து நிற்கிறது. வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீரோடு வரும் மணல் குழாயின் அடிப்பகுதியை அரித்துவிடும், இணைப்புகள் ஆட்டம் காணும். எனவே சாலையின் சரிவிலேயே குழாயையும் பதிக்காமல், ஓரளவு தட்டையாகக் கொஞ்ச தூரம் கொண்டுசென்று, ஒரு ஆள்நுழைவுக் குழியில் நீரைச் செங்குத்தாக இறக்கி, மறுபடியும் தட்டையாகத் தொடர வேண்டும். வந்து சேரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் உள்ள உயர வேறுபாடு 60 சென்டிமீட்டரைத் தாண்டினால், நீர் நேராகக் குழியின் தரையில் மோதாதபடி தனி இறங்குகுழாய் வைக்க வேண்டும். மலைச்சாலையில் சமவெளியைவிட அதிகமான குழிகள் அமைவதும், ஒவ்வொரு குழியும் கூடுதல் பராமரிப்பு கேட்பதும் இதனால்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செங்குத்தான சரிவில் பதித்த குழாய் ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் எடையாலும், மண்ணின் நகர்வாலும் கீழ்நோக்கி இழுபடும். இதைத் தடுக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் கான்கிரீட் கட்டைகள் அமைத்துக் குழாயைப் பிடித்து நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தாத இடத்தில், அல்லது நிறுத்தியும் மண் நகர்ந்த இடத்தில், இணைப்பு விலகும். சமவெளியில் இணைப்பு விலகினால் சாலையில் ஒரு பள்ளம் விழும். நீலகிரியில் அந்தக் கசிவு சரிவின் மண்ணுக்குள் இறங்கி, கீழே எங்கோ ஒரு வீட்டின் பின்சுவரிலோ ஊற்றிலோ வெளிப்படும். ஊற்று நீரை நம்பி வாழும் குடியிருப்புகள் இன்னும் இருக்கும் மாவட்டத்தில் இது சுகாதாரப் பிரச்சினை. அதோடு முடிவதில்லை. 2009 நவம்பரில் பெய்த மழையில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் நீலகிரியில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய சரிவுகளுக்கு முதற்காரணம் பெருமழைதான். ஆனால் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் மண் அடுத்த மழையைத் தாங்கும் திறனை இழந்துவிடுகிறது என்பதால், சரிவுக்குள் ஆண்டு முழுவதும் கசியும் சாக்கடையையும் உறிஞ்சுகுழியையும் நிலச்சரிவு அபாயத்தின் ஒரு பகுதியாகவே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

குழாய் அடைபடுவதற்கு மலைநகரத்தில் கொழுப்பைப் போன்ற காரணம் வேறில்லை. ஹோட்டல்களிலும் பேக்கரிகளிலும் புழங்கும் பாமாயில் சுமார் 20 டிகிரி வெப்பத்துக்குக் கீழே வரும்போதே உறையத் தொடங்கிவிடும். வர்க்கிக்கும் பலகாரத்துக்கும் சேர்க்கும் வனஸ்பதியோ அதற்கு முன்பே கட்டியாகிவிடும். மதுரையில் பாத்திரம் கழுவிய வெந்நீரோடு போகும் எண்ணெய் கொஞ்ச தூரமாவது திரவமாக ஓடும். உதகையில் மார்கழி மாதக் காலையில், தொட்டியை விட்டு இறங்கிய சில அடிகளிலேயே அது குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் தேயிலைச் சக்கை, சோறு, முடி, ஈரத் துடைப்பான், நாப்கின் எல்லாம் வந்து படிகின்றன. மார்க்கெட் பகுதியில் அடைப்பு எடுக்கும்போது குழியின் மூடியைத் திறந்தால், குழாயின் வாயில் சோப்புக்கட்டி போல வெளுத்து இறுகிப்போன ஒரு வளையத்தைக் காணலாம். 150 மில்லிமீட்டர் குழாயில் கை நுழையும் அளவு துவாரமே மிச்சம் இருக்கும். இதற்குத் தீர்வு எளிதானது: ஒவ்வொரு ஹோட்டலின் சமையலறைக் கழிவு வாயிலும் எண்ணெயைப் பிரித்து மேலே மிதக்கவிடும் ஒரு சிறு தொட்டி. அதை வாரந்தோறும் அள்ளிச் சுத்தம் செய்யாவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை. தொழில் உரிமம் புதுப்பிக்கும்போது தொட்டி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அள்ளிய எண்ணெய் எங்கே போனது என்றும் கேட்கும் நகராட்சி, அடைப்பு எடுக்கும் செலவில் பெரும்பங்கை மிச்சப்படுத்தும் என்று உறுதியாகச் சொல்லலாம்.

மழைக்காலத்தில் வேறொரு சுமை சேர்கிறது. நீலகிரிக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதன்பின் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என இரண்டும் உண்டு. கழிவுநீர்க் குழாயும் மழைநீர் வடிகாலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்றுதான் திட்டம் சொல்கிறது. நடப்பில், மாடியின் மழைநீர்க் குழாயைக் கழிவறைச் சேம்பரில், அதாவது வீட்டுக் கழிவு தெருக் குழாயோடு சேரும் சிறு தொட்டியில், விடும் வீடுகள் ஒரு பக்கம், சமையலறைக் குழாயைத் தெருவோர வடிகாலில் விடும் வீடுகள் மறுபக்கம் என்று இரண்டும் கலந்தே கிடக்கின்றன. முதல் வகை இணைப்பால் மழைநாளில் சாக்கடைக் குழி பொங்கி வழிகிறது. இரண்டாம் வகையால் வெயில்நாளிலும் ஓடையில் கழிவு ஓடுகிறது. எந்த வீடு எதில் இணைந்திருக்கிறது என்பதைக் கண்டறியப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை. வீட்டுச் சேம்பரில் சாயம் கரைத்து ஊற்றி, கீழே எந்தக் குழியில், எந்தக் கால்வாயில் நிறம் வருகிறது என்று பார்த்தாலே போதும். வார்டு வார்டாக இதைச் செய்து ஒரு வரைபடம் தயாரிப்பது ஒரு புதிய நிலையம் கட்டுவதில் நூற்றில் ஒரு பங்குகூட ஆகாத வேலை.

அடைப்பு எடுக்கும் முறையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகர முடியாது. ஜெட் ராடிங் வண்டியின் குழாய் முனையைக் கீழ்ப்பக்கக் குழியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்துவார்கள். முனையின் பின்புறத் துளைகளிலிருந்து அதிக அழுத்தத்தில் பாயும் நீரே முனையை முன்னே தள்ளும், பெயர்ந்த கசடைப் பின்னோக்கி அடித்துக்கொண்டும் வரும். அங்கே அதை உறிஞ்சு வண்டி எடுத்துக்கொள்ளும். மனிதன் குழிக்குள் இறங்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் இந்த வண்டிகள் சமவெளிச் சாலைக்கு வடிவமைக்கப்பட்டவை. படிக்கட்டுகளாக ஏறும் சந்துகளும், ஆட்டோகூடத் திரும்ப முடியாத வளைவுகளும் நிறைந்த மலைக்குடியிருப்புகளில் வண்டி சாலையோடு நின்றுவிடும். குழாய் எட்டும் தூரத்துக்கு அப்பால் உள்ள குழிகளுக்கு மூங்கில் பிளாச்சும் மனிதக் கையும்தான் என்று ஆகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஒருவரை உள்ளே இறக்கிவிடும் ஆபத்தான எண்ணம் வருகிறது.

இது குற்றம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவதைத் தண்டனைக்குரியதாக்கியது. 1993 முதல் இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என 2014இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலங்களுள் தமிழ்நாடு முன்னணியில் இருப்பது நமக்கெல்லாம் பெரும் தலைக்குனிவு. மலையில் குளிராக இருப்பதால் விஷவாயு குறைவாக இருக்கும் என்ற நம்பிக்கை சிலரிடம் உண்டு. குளிரில் ஹைட்ரஜன் சல்பைடு மெதுவாக உருவாகும் என்பது சரிதான். ஆனால் மாதக்கணக்கில் மூடிக் கிடக்கும் தொட்டியில் மெதுவாக உருவானதும் உயிரைப் பறிக்கப் போதும். அது காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தங்கும். செறிவு கூடியவுடன் மூக்கின் மோப்பத் திறனையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்பதைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளவே கூடாது. மலை நகராட்சிகளுக்குத் தேவை பெரிய வண்டிகள் அல்ல; சிறிய வாகனத்தில் ஏற்றிச் செல்லக்கூடிய, அல்லது நான்கு பேர் தூக்கிப் படியேறக்கூடிய சிறு ஜெட் இயந்திரங்களும் நீளமான குழாய்களுமே. இதில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி நிலையத்துக்கு வருவோம். வந்து சேரும் கழிவுநீரில் கம்பிச் சல்லடை பெரிய பொருள்களைப் பிடிக்கும். மணல் தொட்டியில் மணல் தங்கும். அதன்பின் காற்றூட்டும் தொட்டியில் நுண்ணுயிரிகள் கரைந்த கழிவை உண்டு பெருகும். படியவைக்கும் தொட்டியில் அந்த நுண்ணுயிரித் திரள் கசடாக அடியில் தங்க, மேலே தெளிந்த நீர் குளோரின் கலந்து வெளியேறும். கசட்டின் பெரும்பகுதி மறுபடியும் காற்றூட்டும் தொட்டிக்கே திரும்புகிறது. அதுதான் அங்கு வேலை செய்யும் உயிர்ப்படை.

இந்த உயிர்களுக்கு நீலகிரியின் தட்பவெப்பம் அனுகூலமானதல்ல. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் அவை செயல்படும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் வகை நுண்ணுயிரிகள் இன்னும் அதிகமாகச் சோர்ந்துபோகும். ஆகவே உறைபனி விழும் மாதங்களில் அதே நீரை அதே தொட்டியில் கூடுதல் நேரம் வைத்திருக்க வேண்டும், அல்லது தொட்டியில் கசட்டின் அளவைக் கூட்டி வைக்க வேண்டும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையுமே, அது ஈடுசெய்யாதா என்று கேட்கலாம். 15 டிகிரி நீரில் கடல் மட்டத்தில் லிட்டருக்கு சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்பது உண்மை. ஆனால் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான் என்பதால், அது 7.7 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. சென்னையில் 30 டிகிரி நீரில் கரையும் அளவும் கிட்டத்தட்ட இதுவே. குளிர் கொடுத்ததை உயரம் பறித்துக்கொள்கிறது. அதோடு, மெலிந்த காற்று என்பதால் அதே எடை ஆக்சிஜனைக் கொடுக்க ஊதுகருவி ஏறக்குறைய 1.3 மடங்கு கனஅளவு காற்றை ஊத வேண்டும். சமவெளி நிலையத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்து மலையில் கட்டினால் ஏன் எதிர்பார்த்த தரம் கிடைப்பதில்லை என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது.

கசடை உலர்த்துவதும் இப்படித்தான். சமவெளியில் மணல் படுகையில் பரப்பிய கசடு வெயிலில் பத்துப் பதினைந்து நாளில் காய்ந்துவிடும். மூடுபனியும் சாரலுமாக நாட்கள் நகரும் உதகையில் அது காய்வதேயில்லை. கூரையிட்ட படுகையோ, நீரைப் பிழிந்தெடுக்கும் இயந்திரமோ இங்கே அடிப்படைத் தேவை. சரியாகப் பதப்படுத்தாத கசடு கேரட், முட்டைக்கோஸ் போன்ற பச்சையாக உண்ணும் காய்கறிகள் விளையும் தோட்டங்களுக்கு ஒருபோதும் போகக் கூடாது. குளிரில் நோய்க்கிருமிகளும் புழுமுட்டைகளும் நீண்ட காலம் உயிரோடு இருக்கும்.

கொள்ளளவுக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430. ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பதும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராகும் என்பதும் திட்டமிடுவோர் கொள்ளும் அளவுகள். பெருக்கினால் 95 லட்சம் லிட்டர் வருகிறது. காந்தல் நிலையத்தின் அளவோ 50 லட்சம். எல்லா வீட்டுக்கும் அவ்வளவு குடிநீர் கிடைப்பதில்லை என்பதால் உண்மை அளவு இதைவிடக் குறைவாக இருக்கலாம். ஆனால் இதில் ஒரு சுற்றுலாப் பயணிகூடச் சேர்க்கப்படவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல், மலைக்கு வரும் வாகனங்கள் இணையத்தில் முன்அனுமதி பெறும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது; 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது. ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்றாலே ஒரே நாளில் 30,000 பேரளவில் கூடுகிறார்கள். இ-பாஸ் விவாதம் சாலை நெரிசலைப் பற்றியதாகவே நடந்தது. கழிவறைகளைப் பற்றியதாகவும் நடந்திருக்க வேண்டும்.

சாக்கடை வசதி எட்டாத சரிவுகள், ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்கள், எஸ்டேட் லைன் வீடுகள், குன்னூர், கோத்தகிரி ஆகிய ஊர்களின் பல பகுதிகள் எல்லாம் செப்டிக் டேங்கையும் உறிஞ்சுகுழியையும் நம்பியிருக்கின்றன. குளிரில் தொட்டிக்குள் செரிமானம் மந்தமாக நடப்பதால் கசடு விரைவாகச் சேரும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். எடுத்த கசடைச் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமே இறக்க வேண்டும் என்று 2014இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கழிவுக் கசடு மேலாண்மை வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. மலையில் நிலையம் தொலைவில் இருந்தால், லாரி எந்தக் காட்டுச் சரிவில் நிற்கும் என்பதை ஊர் அறியும். 1863இல் மதுரை ஆட்சியர் வெர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியைச் சுற்றி வளர்ந்த கொடைக்கானலும் இதே வகையான நில அமைப்பில் இதே சோதனையைச் சந்திக்கிறது.

உதகை ஏரியிலிருந்து வழியும் நீரும், காந்தல் நிலையம் விடும் நீரும் சாண்டிநல்லா எனப்படும் காமராஜ் சாகர் நீர்த்தேக்கத்தை அடைகின்றன. அங்கிருந்து பைக்காரா நீர்மின் அமைப்பின் வழியாக மாயாற்றில் சேர்ந்து, முதுமலைக் காட்டைக் கடந்து, பவானிசாகரில் தேங்கி, ஈரோடு மாவட்டத்தின் வயலுக்கும் குடத்துக்கும் போகின்றன. குன்னூர் ஆறும் பவானிக்கே வருகிறது. வெளியேறும் நீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது மிச்சமிருக்கும் கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகளுக்கு வேண்டிய ஆக்சிஜன், லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது என்று 2017இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பெருநகரங்கள் அல்லாத ஊர்களுக்கு அறிவித்தது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10ஆகக் குறைக்கச் சொன்னது. இந்த எண்ணை நிலையம் எட்டிவிட்டாலும், வழக்கமான காற்றூட்டும் முறை பாஸ்பரஸில் சிறு பங்கையே நீக்கும் என்பதால், நீர்த்தேக்கத்தில் பாசி பெருகுவதற்கான சத்து கீழே போய்க்கொண்டேதான் இருக்கும். அதற்கென இரசாயனமிட்டுப் படியவைக்கும் கூடுதல் கட்டத்தை அடுத்த விரிவாக்கத்தில் சேர்ப்பது, ஏரிக்குள் இயந்திரம் இறக்கித் தாவரத்தை அள்ளிக்கொண்டிருப்பதைவிடப் பயனுள்ள செலவாகும். அதற்கு முன், நாள்தோறும் நிலையத்துக்கு எவ்வளவு நீர் வந்தது, எத்தனை வீடுகள் இணைந்திருக்கின்றன, கோடப்பமந்துக் கால்வாயில் வெயில்நாளில் எவ்வளவு ஓடுகிறது என்ற மூன்று எண்களையும் நகராட்சி மாதந்தோறும் தன் அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.